சொசைட்டிக் கடன்

ஏலாக்குறிச்சிக்கு ரயில் கிடையாது. கொள்ளிடக் கரை, மாதா கோயில், கரும்பு, நெல், அவ்வளவுதான். ரயில் ஏறணும்னா பஸ் பிடித்து அரியலூர் போக வேண்டும். 1991 ஆடி மாதத்தில் என் பெரியப்பா அப்படித்தான் போனார். தஞ்சாவூரில் உரம் வாங்கி வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நேர் எதிர்த் திசையில் அரியலூர் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கையில் ஒரு மஞ்சப்பை. அதில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, முந்தின வாரம் சொசைட்டியில் வாங்கிய பயிர்க்கடனில் பாதி. பெரியம்மாவுக்கு அப்போது முப்பத்தோரு வயது. மூன்று பிள்ளைகள், கடைசிப் பையனுக்கு இன்னும் பால் மறக்கவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன மார்கழியில் திருச்சியில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஓர் இளைஞர் பேசினார். நன்றாகப் படித்தவர், நன்றாகவே பேசினார். சென்னையிலிருந்து குவாஹாட்டி வரைக்கும் டிக்கெட்டே எடுக்காமல் இருபத்திரண்டு நாள் போய் வந்திருக்கிறார். அது ஊர் சுற்றல் இல்லையாம், அரசியல் செயல்பாடாம். டிக்கெட் என்பது சமூகத்தோடு நாம் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம், அதைக் கிழித்துப் போடுவது சமூகத்தையே மறுப்பது என்றார். அமெரிக்காவில் சரக்கு ரயிலில் தொற்றி ஏறி நாடு முழுக்கத் திரியும் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். நம் சித்தர்களைச் சொன்னார், பரதேசிகளைச் சொன்னார், எல்லாரையும் ஒரே பெட்டியில் ஏற்றினார். கூட்டம் கைதட்டியது. பொய் சொல்லக் கூடாது, நானும் தட்டினேன்.

டீ குடிக்கும்போது கேட்டேன்: “தம்பி, ஒரு தடவையாச்சும் மாட்டினீங்களா?”

“ஒரே ஒரு தடவை சார். பாலசோர் தாண்டி. அப்பாவுக்கு போன் பண்ணேன். ஜிபேல ஃபைன் அனுப்பிட்டாரு.”

அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மறைக்கணும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு அந்த இடத்தில் டீ இறங்கவில்லை.

சரக்கு ரயில் கதையை முதலில் பார்த்துவிடுவோம். 1930களின் பெருமந்தக் காலத்தில் அமெரிக்காவில் வேலையும் வீடும் போன லட்சக்கணக்கானவர்கள் சரக்கு ரயில்களில் ஏறினார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன்களும் பெண்களும் அதில் ஏராளம். அறுவடை எங்கே நடக்கிறதோ அங்கே இறங்குவது, வேலை முடிந்தால் அடுத்த ரயில். அவர்களுக்குள் ஒரு பாகுபாடு உண்டு: வேலை தேடித் திரிபவன் ஹோபோ, வேலை செய்யாமல் திரிபவன் டிராம்ப், திரியவும் மாட்டான் வேலையும் செய்ய மாட்டான் என்றால் பம். ஹோபோ என்ற பேரில் ஒரு கௌரவம் இருந்தது. ஐயோவா மாநிலத்தில் பிரிட் என்ற சின்ன ஊரில் 1900இலிருந்து அவர்களுக்கு மாநாடே நடந்துவருகிறது. நம் ஊர் நடவுக்காரர்களும் கரும்பு வெட்டும் கூட்டமும் பஸ்ஸிலும் லாரியிலும் போவதைத்தான் அவர்கள் ரயிலில் போனார்கள். சமூகத்தை அவர்கள் மறுக்கவில்லை. சமூகம்தான் அவர்களுக்குச் சோறு போட மறுத்தது.

இதைத் தத்துவமாக்கியவர்கள் பின்னால் வந்தார்கள். ஜாக் கெரோவாக்கின் ‘தி தர்மா பம்ஸ்’ 1958இல் வந்தது. ஒரு சரக்கு ரயிலில் தொற்றி ஏறுவதில்தான் நாவலே தொடங்குகிறது. தர்மம் நம்மிடமிருந்து போனது. அதைச் சரக்கு ரயிலில் ஏற்றி நமக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், நாமும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டோம். அந்தப் புத்தகத்தைப் பிடித்துப்போய்ப் படித்தவன்தான் நானும். ஆனால் ஒரு விவரத்தை நம் ஆட்கள் யாரும் சொல்வதில்லை. கெரோவாக் ஒவ்வொரு முறை சுற்றி முடித்ததும் திரும்பிப் போனது தன் அம்மா வீட்டுக்கு. அந்த அம்மா செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து வீட்டை நடத்தினார். மகன் சாலையில் இருந்தான், அம்மா தோலுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். மகனைப் பற்றி நூற்றுக்கணக்கில் புத்தகம். கிறிஸ் மெக்கண்ட்லஸ் 1992இல் அலாஸ்காவில் ஒரு பழைய பஸ்ஸுக்குள் பட்டினியில் செத்த கதையையும் ‘இன்டு தி வைல்டு’ படம் வந்த நாளிலிருந்து நம் பிள்ளைகள் மாலை போட்டு வைத்திருக்கிறார்கள். அவன் கிளம்பும்போது தன் 24,000 டாலரை ஆக்ஸ்ஃபாமுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். விட்டுப்போக அவனிடம் 24,000 டாலர் இருந்தது.

அமெரிக்கச் சாகசம் இங்கே நடக்கவும் நடக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். அரியலூர் வழியாக ஓடும் சரக்கு ரயில்களைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். சிமெண்ட் மூட்டை ஏற்றிய மூடின வேகன்களைப் பூட்டி சீல் வைத்துவிடுவார்கள். நிலக்கரி போகிற திறந்த வேகன் மேல் ஏறினால் தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி. ஆகவே நம் ஊர் ‘மறுப்பாளர்’ ஏறுவது அன்ரிசர்வ்டு பெட்டியில்தான். அந்தப் பெட்டியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

யார் இருக்கிறார்கள்? திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிற பீகார், ஒடிசா பையன்கள். காலை மடக்கக்கூட இடமில்லாமல் கக்கூஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள். பாசி, ஊசி விற்கும் நரிக்குறவர். கை தட்டிக் காசு கேட்கும் திருநங்கைகள். வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்து, 1098க்கு யாராவது போன் போட்டால் பிடிபடுகிற பிள்ளைகள். காவித்துணி சுற்றிய கிழவர்கள். இவர்களில் டிக்கெட் இல்லாதவர் நிறைய இருக்கலாம். 1989 ரயில்வே சட்டத்தின் 137ஆம் பிரிவு ஏமாற்றி டிக்கெட் இல்லாமல் போகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது. ரயிலில் பிச்சை எடுப்பது 144ஆம் பிரிவின்படி நெடுங்காலம் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது. மெட்ராஸ் மாகாணத்தில் 1945இல் வந்த பிச்சைத் தடுப்புச் சட்டம் வேறு தனியாக. பெயர் வேண்டாம், ஒரு சின்ன ஸ்டேஷனில் என் கண்முன்னே ஒரு காவிக் கிழவரை இறக்கிவிட்டார்கள். அவருடைய அலுமினியத் தூக்கு தண்டவாளத்தில் விழுந்தது. அதை எடுத்துக்கொடுக்க ஒருவரும் குனியவில்லை. அவருக்கு போன் பண்ண அப்பா இல்லை. குவாஹாட்டித் தம்பி செய்ததும் இந்தக் கிழவர் செய்ததும் சட்டப்படி ஒரே காரியம். ஒன்றுக்குத் திருச்சியில் கைதட்டல்.

லிவிங் ஸ்மைல் வித்யாவின் சுயசரிதையைப் படித்தவர்களுக்குத் தெரியும், புனே பக்கம் ரயிலில் காசு கேட்டது அவருக்குச் சாகசமில்லை. வேறு எந்த வேலைக் கதவும் திறக்காதபோது திறந்திருந்தது ரயில் பெட்டியின் கதவு. சாதி மாறிக் காதலித்ததால் ராத்திரியோடு ராத்திரியாக எங்கள் மாவட்டத்திலிருந்து ரயிலேறும் ஜோடிகளும் அப்படித்தான். பின்னால் அரிவாள் வருகிறது, ஓடுகிறார்கள். இவர்கள் வெளியேறுவதை நான் ஏன் குறை சொல்லப்போகிறேன்? டிக்கெட் எடுக்காமல் போனாலும் என் காசில் ஃபைன் கட்டத் தயார். என் சண்டை வேறு ஆட்களோடு. திரும்பி வந்தால் சமூகம் நாற்காலி போட்டு உட்காரவைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள், சமூகத்தை உதறிவிட்டேன் என்று சொல்வதோடு.

ரயிலுக்கும் நாடோடிக்கும் உள்ள உறவு அத்தனை கவித்துவமானதும் இல்லை. மெட்ராஸ் மாகாணத்தில் உப்பையும் தானியத்தையும் மாட்டின் மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்ற குறவர்களின் பிழைப்பை, 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ரயிலும் அரசாங்கத்தின் உப்புக் கொள்கையும் சேர்ந்து பறித்தன. மீனா ராதாகிருஷ்ணா இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பிழைப்பைப் பறித்த அதே அரசு, ஊர் சுற்றுகிறார்கள் என்று சொல்லி அவர்களைக் குற்றப்பரம்பரைப் பட்டியலில் சேர்த்தது. வெள்ளைக்காரர்களிலேயே வேலையில்லாமல் திரிந்தவர்களைப் பிடித்து அடைக்க 1874இல் ஐரோப்பியர் நாடோடிச் சட்டம் போட்டார்கள். கிழிந்த கால்சட்டையோடு ஒரு துரை பிச்சை எடுத்தால் ஆட்சியின் மரியாதை என்ன ஆவது? அந்த ஆட்களுக்கு அப்போதைய பெயர் ‘லோஃபர்’. இன்றைக்கும் நம் வீடுகளில் அப்பாக்கள் மகன்களைத் திட்டும் சொல். கூடவே பரதேசி, பண்டாரம், ஆண்டி. இந்தச் சொற்கள் கோயில் மண்டபத்தில் மரியாதை, வீட்டுத் திண்ணையில் வசவு. தூரத்திலிருக்கும் பரதேசியைக் கும்பிடுவோம். பக்கத்தில் வந்தால் “போடா பரதேசி.”

சரி, துறவு? சித்தர் மரபு? இதைச் சொன்னால்தான் கூட்டத்தில் வாயடைத்துப் போகிறார்கள். நானும் ஒரு கதை சொல்கிறேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1896 ஆகஸ்ட் 29. மதுரையில் பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொள்கிறான். கட்டணம் இன்னும் கட்டவில்லை, மீதி இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று சீட்டில் எழுதிவைக்கிறான். ஸ்டேஷனுக்குப் போய் 2 ரூபாய் 13 அணா கொடுத்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுக்கிறான். கவனியுங்கள், பகவான் ரமணர் டிக்கெட் எடுத்துத்தான் போனார். உடம்பையே ‘இது’ என்று எழுதிய பையனுக்கு இரண்டு ரூபாய்க் கணக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது. பின்னால் அம்மா அழகம்மாள் தேடி வந்தார், கூப்பிட்டார், அழுதார், பையன் போகவில்லை. ஆனால் 1916இல் அந்த அம்மா வந்து தங்கினபோது கடைசிவரை கூடவே வைத்துக்கொண்டார். எனக்கு ஆன்மிகம் அவ்வளவாகத் தெரியாது. கணக்கு தெரியும். அந்தக் கணக்கு நேராக இருக்கிறது.

ஈ.வெ.ராவும் 1904இல் காசிக்குப் போனவர்தான். சத்திரத்தில் சோறு கிடைக்காமல் எச்சில் இலையில் சாப்பிட்ட கதை ஊரறிந்தது. அவர் சமூகத்தை மறுத்தது காசியில் அல்ல, ஈரோட்டுக்குத் திரும்பி வந்து, சொந்த பந்தமும் கடைத்தெருவும் பார்க்க, அங்கேயே நின்றுகொண்டு.

எங்கள் ஏலாக்குறிச்சியும் ஒரு பரதேசியின் ஊர்தான். இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்சோ பெஸ்கி இங்கே வந்து வீரமாமுனிவராகி, காவி கட்டி, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். அவர் எழுதிய பரமார்த்த குரு கதையில், ஆற்றைக் கடந்தபின் எல்லோரும் வந்துசேர்ந்தோமா என்று சீடர்கள் தலையை எண்ணுவார்கள். எண்ணுகிற ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான், ஓர் ஆள் குறைகிறதே என்று அழுவான். ‘நான் சமூகத்துக்கு வெளியே நிற்கிறேன்’ என்று யாராவது மேடையில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சீடன் ஞாபகம்தான் வருகிறது. நீ ஏறிய ரயிலுக்குத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கும் கேங்மேன், நீ சாப்பிட்ட அன்னதானத்துக்கு நெல் கொடுத்தவர், ஃபைன் கட்டிய அப்பா, எல்லாம் யார்? இதே அரியலூர்ப் பக்கம் 1956 நவம்பரில் மருதையாற்றில் ரயில் விழுந்து 140 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்காக லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியை விட்டுவிட்டுப் போனார். விட்டுப்போவதிலும் பொறுப்பேற்று விட்டுப்போவது என்று ஒரு வகை இருக்கிறது.

பெரியம்மாவிடம் வருகிறேன். கடன் பெரியப்பா பேரில். 1990இல் வி.பி. சிங் ஆட்சி அறிவித்த தள்ளுபடிக்கு அப்புறம் வாங்கியது, அதனால் அதில் வராது. சொசைட்டியிலிருந்து நோட்டீஸ் வந்தது. பெரியம்மா நாத்து நட்டு, களை பறித்து, கரும்புச் சோகை உரித்து எட்டு வருஷம் கட்டினார். 2006இல் கலைஞர் ஆட்சி கூட்டுறவுப் பயிர்க்கடனையெல்லாம் தள்ளுபடி செய்தபோது, அவர் கட்டி முடித்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. கைவிடப்பட்ட பெண்களுக்கான பென்ஷனுக்குப் போனால் ஐந்து வருஷமாகக் கைவிட்டதற்கு அத்தாட்சி வேண்டும். செத்துவிட்டார் என்று சட்டம் அனுமானிக்க ஏழு வருஷம் தகவலே இருக்கக் கூடாது. ஆனால் யாராவது ஒருவர் அவ்வப்போது, “விழுப்புரம் ஜங்ஷன்ல பாத்தேன்”, “பழனியில பாத்தேன்” என்று வந்து சொல்லிவிடுவார்கள். எழுத்தில் கேட்டால் தர மாட்டார்கள். ஆபீசில், “உங்க வீட்டுக்காரரு இருக்காரா இல்லியாம்மா?” என்று கேட்டால் பெரியம்மா, “எனக்கு இல்ல. மத்தவங்களுக்கு இருக்காரு போலருக்கு” என்பார். இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், கணவன் துறவியாகிவிட்டால் விவாகரத்து கேட்கலாம் என்று இருக்கிறது. அதை அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. சொல்லியிருந்தாலும், “என்னாத்துக்கு, அவருதான் ஏற்கெனவே வாங்கிக்கிட்டாரே” என்றிருப்பார்.

வீட்டுச் சாமி மாரியம்மன்தான் என்றாலும், அடைக்கலம் கேட்பதென்றால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் போவது மாதாவிடம். பெரியம்மா சனிக்கிழமை தோறும் மெழுகுவத்தி ஏற்றினார். பெரியப்பா திரும்பி வரணும் என்று அல்ல. கடைசிப் பையனுக்கு ஆஸ்துமா.

இதே பெரியம்மா ஒருநாள் மஞ்சப்பையோடு பஸ் ஏறியிருந்தால்? பெரியப்பாவை ஊர் “போயிட்டாரு” என்றது. இவரை “ஓடிட்டா” என்றிருக்கும். வினைச்சொல்லே மாறிவிடும். காரைக்கால் அம்மையார் கதையில் முதலில் வீட்டைவிட்டுப் போனது கணவன் பரமதத்தன். கப்பலேறிப் போய்ப் பாண்டி நாட்டில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். அப்புறம்தான் அந்த அம்மா ஊர் சுற்றக் கிளம்புகிறார், அதுவும் சதையை உதறிப் பேயுருவம் வாங்கிக்கொண்டு. ஔவைக்கு இளமையிலேயே கிழவியாக வேண்டியிருந்தது. அழகும் வயசும் உள்ள பெண் அப்படியே நடந்து போய்த் துறவியாகலாம் என்று நம் புராணத்துக்கே நம்பிக்கை இல்லை. சமூக மறுப்பைப் பற்றி மேடையில் பேசுகிற ஆண்கள் இதை ஒரு வரியாவது சொல்லியிருக்கிறார்களா? நான் கேட்டதில்லை.

2005இல் ஒருவர் திட்டவட்டமான தகவலோடு வந்தார். திருவண்ணாமலை, கிரிவலப் பாதை, இன்ன இடம். மூத்த பெண்ணின் கல்யாணத்துக்காக முக்கால் ஏக்கரை விற்க வேண்டியிருந்தது, பட்டா பெரியப்பா பேரில். பெரியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அரியலூரில் விழுப்புரம் வரை இரண்டு டிக்கெட் நான்தான் எடுத்தேன். பெரியம்மா அதை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார்.

பெரியப்பா தாடி வளர்த்திருந்தார். நல்ல நிறமாகக்கூட ஆகியிருந்தார். சுற்றி ஏழெட்டுப் பேர், அதில் ஒரு வங்கி மேனேஜர், ஒரு வெள்ளைக்காரப் பெண். நாங்கள் யார் என்று தெரிந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. கண் ஒரு நொடி நின்றது. பக்கத்திலிருந்தவர், “அம்மா, சாமி மௌனத்துல இருக்காரு, ஓரமா ஒக்காருங்க” என்றார்.

“மௌனம்லாம் இருக்கட்டும் சாமி. சொசைட்டி கடன்ல கையெழுத்துப் போட்டது இவருதான. கட்டுனது நானு. அதுக்குக்கூட வரல. பத்திர ஆபீசுக்கு ஒரே ஒருநாளு வந்து ஒரு கையெழுத்து போட்டாப் போதும், மறுபடி கொண்டாந்து இங்கியே வுட்டுர்றேன்.”

வங்கி மேனேஜர் என்னிடம் மெதுவாக, “சொசைட்டிய விட்டு வந்தவங்ககிட்ட இதெல்லாம் பேசக் கூடாது தம்பி” என்றார். அவர் சொன்ன சொசைட்டி வேறு. பெரியம்மாவுக்குத் தெரிந்த சொசைட்டி ஒன்றுதான், அதற்கு வட்டி உண்டு.

பெரியப்பா சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார். அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை என்று எழுதியிருந்தது. பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துச் சொன்னேன்.

கல்யாணம் வட்டிக்கு வாங்கி நடந்தது. 2019இல் அவர் இறந்துபோனதாகத் தகவல் வந்தது. சமாதி வைத்துவிட்டார்கள், பூசை நடக்கிறது என்றார்கள். பெரியம்மா மறுபடி டிக்கெட் எடுத்து என்னோடு வந்தார், இறப்புச் சான்றிதழ் வாங்க. கொடுத்தார்கள், நல்ல மனிதர்கள்தான், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சான்றிதழில் சாமியார்ப் பேர் இருந்தது. தகப்பன் பேர் இருக்கும் இடத்தில் குருவின் பேர். இந்தப் பேரும் பட்டாவிலுள்ள பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்தால் வாரிசுச் சான்று தருவதாகச் சொல்கிறார்கள். நிரூபிக்கச் சாட்சி சொல்லக்கூடிய அந்த வங்கி மேனேஜர் ரிட்டயர்டாகி மகனோடு அமெரிக்கா போய்விட்டார். முக்கால் ஏக்கர் இன்னும் பெரியப்பா பேரில்தான் இருக்கிறது. இந்தப் பட்டத்துக்கு எள் போட்டிருக்கிறார்கள்.